சொல்லிக்கொள்ளாமல் போன எப்சி

ஓடிப்போய்விட்டாள், ஓடிப்போய்விட்டாள் என்று மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் பேசுகிறீர்களே, ஓடுகிறவள் பட்டப்பகலில் பெட்டியை உருட்டிக்கொண்டா போவாள்? நான் பார்த்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் என் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பார்த்தேன். நடந்துதான் போனாள். காலை பத்தரை மணிக்கு. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது நிஜம். பன்னிரண்டு வருஷம் இந்த பில்டிங்கில் இருந்தவள், ஒரு "போயிட்டு வரேன்" சொல்லாமல் போனாளே என்றால், ஆமாம், சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று உங்களில் ஒரு வாயாவது கேட்டதா?

இன்னொரு பேச்சும் என் காதுக்கு வந்தது. என் எதிர்வீட்டு மிருதுளா ஆபீஸ் போன பிறகு அவள் வீட்டில் எப்சிக்கு நாளெல்லாம் என்ன வேலை என்று. நம்ம செக்ரட்டரி தோத்தாத்ரி சாரே ஒரு நாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்.

"பாட்டி, அந்த ஷ்யாம்சுந்தர் வீட்டுச் சாவி எதுக்கு அந்தப் பொண்ணு கையில இருக்கு?"

"சார், மிருதுளா புருஷன் ஷ்யாமும் காலையில எட்டு மணிக்கே கிளம்பிடுறான். அப்புறம் வூட்ல இருக்கிறது ஒரு நாய்தான். நாய் பேரு கெட்டுப்போயிடும்னு கவலையா?"

வந்த வழியே திரும்பிப் போனார்.

எனக்கு எழுதப் படிக்க வராது. பென்ஷன் காகிதத்துக்குக் கட்டைவிரல்தான். பில்டிங் சங்கம் போடுகிற மலருக்கு ஆளுக்கு ஒன்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்களாம். நான் சொல்லச் சொல்ல மிருதுளாதான் எழுதுகிறாள். நடுவில் நடுவில் மூக்கை உறிஞ்சுகிறாள். உறிஞ்சாமல் எழுது பொண்ணே. என் வார்த்தையை மாற்றாதே.

எப்சி முதல் மாடியில், என் வீட்டுக்கு நேர் மேலே இருந்தாள். அவளும் அவள் அம்மாவும். வீடு அண்ணன் மெர்வின் பேரில். அவன் மஸ்கட்டில் இருக்கிறான். இங்கே குடிவந்தபோது அவளுக்கு முப்பது வயசுக்குள்தான் இருக்கும். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. வந்த வருஷமே அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. வேலையை விட்டாள்.

அந்த அம்மாவுக்கு மகள் கண்ணெதிரிலேயே இருக்கவேண்டும். இவள் குளிக்கப் போனால்கூட "எப்சி, எப்சி" என்று ஆரம்பித்துவிடும். பாலுக்குப் போனால் தெருமுனை வரைக்கும் கேட்கும். வேறொருத்தி என்றால் கதவைச் சாத்திவிட்டுப் போயிருப்பாள். இவள் என்ன செய்தாள் தெரியுமா? அறையைத் தாண்டி ஒரு அடி வைப்பாள், திரும்பி வருவாள். மறுநாள் ரெண்டு அடி. அப்புறம் ஒரு ஜெபம் சொல்கிற நேரம் கூடத்தில் நிற்பாள். கடிகாரம் பார்க்கமாட்டாள். நேரத்தையெல்லாம் ஜெபத்தில்தான் அளப்பாள். ஒரு ஜெபம், மூணு ஜெபம், பத்து ஜெபம். ஆறு மாசத்தில் பால் பூத் வரைக்கும் போய்வர முடிந்தது. அவள் ஊர் அவ்வளவுதான். பால் பூத்தோடு முடிந்தது.

போன சித்திரைக்கு முந்தின சித்திரையில் அம்மா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறமும் இவள் பால் பூத்தைத் தாண்டவில்லை. பாக்கெட்டைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று, தலையைச் சாய்த்து, எங்கேயோ காது கொடுப்பாள். பிறகு விறுவிறுவென்று திரும்பி வருவாள்.

"யாருடி கூப்பிட்டாங்க?"

"யாரும் இல்ல ஆயா. பழக்கம்."

மெர்வின் வீட்டை விற்கப்போவதாகச் சொல்லிவிட்டான். ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவள் சர்ச்சிலிருந்து ஜெபத்துக்கு வீட்டுக்கு வருகிறவர்களில் யாரோ சொல்லி, வேலையும் கிடைத்தது. அந்த வருஷமே வரச் சொன்னார்கள். அடுத்த வருஷம் ஜூனில் வருகிறேன் என்றாள். ஏற்காடு எங்கே, பால் பூத் எங்கே!

இனி நாய்.

ரெண்டு வருஷத்துக்கு முன் டிசம்பர் வெள்ளத்தில் பள்ளிக்கரணைப் பக்கம் ஜனங்கள் மாடியில் நின்றார்களே, அப்போது ஷ்யாமும் அவன் ஆபீஸ் பையன்களும் படகில் பால் பவுடர் கொண்டுபோனார்கள். ஒரு வீட்டு மாடிப்படியில் இது சங்கிலியோடு நின்றிருக்கிறது. கழுத்து வரைக்கும் தண்ணீர். வீட்டில் ஆள் இல்லை. அவசரத்தில் விட்டார்களோ, திரும்பி வந்து கூட்டிக்கொள்ளலாம் என்று விட்டார்களோ, நான் குறை சொல்லமாட்டேன். உயிருக்கு ஓடும்போது யாருக்கு என்ன தோன்றும் என்று யாருக்குத் தெரியும்? ஷ்யாம் சங்கிலியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். வறுத்த ரவை நிறம். ரவா என்றே பேர் வைத்தார்கள்.

முதல் ஆறு ஏழு மாசம் இருந்த இடம் தெரியாது. புருஷனும் பொண்டாட்டியும் வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். இது அவர்கள் காலடியில் படுத்திருக்கும். ஆடி மாசத்தில் ஆபீஸுக்குத் தினமும் வரவேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். முதல் நாள் ரெண்டு பேரும் கதவைப் பூட்டிக்கொண்டு போனதும் ஆரம்பித்தது.

அது குரைப்பு இல்லை. குரைத்தால் திட்டிவிட்டுப் போகலாம். ஊளைகூட இல்லை. நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, மேலே ஏறி, அங்கேயே நின்று, யாரையோ தேடுகிற சத்தம். சாயந்திரம் வரைக்கும். கதவின் அடிப்பக்கத்தை நகத்தால் பிராண்டிப் பிராண்டி நகத்தில் ரத்தம். மெத்தை பஞ்சு பஞ்சாக. தரையெல்லாம் எச்சில், மூத்திரம். தோத்தாத்ரி சார் லெட்டர் போட்டார். வேளச்சேரியில் இருக்கிற வீட்டு ஓனர் போனில் சொல்லிவிட்டார்: ஜூனில் அக்ரிமென்ட் முடிகிறது, அதற்குள் நாய் அடங்கினால் இருங்கள், இல்லையென்றால் நாய் போகவேண்டும். மிருதுளா என் வாசலில் உட்கார்ந்து அழுதாள். "கொண்டுபோய் விட்டா ரெண்டாவது தடவை ஆயா. ரெண்டாவது தடவை அதை விட்டுட்டு வர்றது." இதை எழுதும்போதும் அழுகிறாள் பார்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஜன்னலும் என் ஜன்னலும் எதிரெதிரே. அது கத்தும்போதெல்லாம் மனசு கேட்காமல் நான் போய்க் கம்பி வழியாக, "வந்துடுவாங்கடா கண்ணு, வந்துடுவாங்க" என்று பேசி, ரெண்டு பிஸ்கட் போடுவேன். தின்றுவிட்டு மறுபடி கத்தும். நானும் மறுபடி போவேன். ஒரு நாள் எப்சி மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆயா, கத்தினா ஆயா வரும்னு நீங்கதான் அதுக்குச் சொல்லிக்குடுக்கிறீங்க."

ரெண்டு நாள் அவளோடு நான் பேசவில்லை.

மூன்றாம் நாள் பார்த்தால், மிருதுளா வீட்டுப் பூட்டின கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வராந்தாத் தரையில் உட்கார்ந்திருக்கிறாள் எப்சி. உள்ளே சத்தம் இல்லை. கதவுக்கு அடியில் மூக்கை வைத்து அது மூச்சு விடுகிறது. அந்தக் காற்றில் இவள் துப்பட்டா நுனி ஆடுகிறது, அடங்குகிறது, ஆடுகிறது. சாயந்திரம் வரைக்கும் அப்படியே இருந்தாள். மறுநாள் மிருதுளா சாவியைக் கொடுத்தாள். இதுதான் நீங்கள் கேட்ட சாவி.

குரோம்பேட்டையில் ஒரு நாய் டாக்டர், சின்னப் பொண்ணு. ஷ்யாம் ரவாவைக் கூட்டிக்கொண்டு போனான். மாத்திரை கொடுத்தாள், மாத்திரை மட்டும் போதாது, தனியாக இருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கவேண்டும், அதுவரைக்கும் அதைத் தனியாகவே விடாதீர்கள் என்றாளாம். நாள் முழுக்க யார் இருப்பது? எப்சி இருந்தாள். டாக்டர் சொன்ன முறையை ஷ்யாம் வந்து விவரிக்கவும் சிரித்துவிட்டாள். "இது எங்கம்மாவுக்குப் பண்ணினதுதானே!"

முதல் வேலை சாவி. ஷ்யாம் ஆணியிலிருந்து பைக் சாவியை எடுத்தாலே ரவாவுக்கு நாக்கு தொங்கிவிடும். அதனால் எப்சி சாவியை எடுப்பாள், எங்கேயும் போகாமல் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். மறுபடி எடுப்பாள், மாட்டுவாள். செருப்பைப் போட்டுக்கொண்டு டிவி பார்ப்பாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாதம் வடிப்பாள். பார்க்கிறவனுக்குப் பைத்தியம் மாதிரிதான் இருக்கும். பத்து நாளில் சாவிச் சத்தம் கேட்டால் ரவா ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும்.

அடுத்ததில்தான் எனக்கும் அவளுக்கும் சண்டை. புருஷனும் பொண்டாட்டியும் கிளம்புகிறது ஒரு திருவிழா. "அப்பா போயிட்டு வரேன் செல்லம்" என்று அவன் முகத்தோடு முகம் வைப்பான். இவள் படி இறங்கிவிட்டுத் திரும்ப வந்து கட்டிக்கொள்வாள். "அம்மா சாயந்திரம் வந்துடுவேன், அழக்கூடாது, சரியா? போயிட்டு வரேன், போயிட்டு வரேன்." கால் மணி நேரம். எப்சி சொன்னாள், இதெல்லாம் வேண்டாம். ஒன்றுமே சொல்லக்கூடாது. தண்ணீர் குடிக்க எழுந்து போகிற மாதிரி போகணும். திரும்பி வந்தாலும் ஓடிப்போய்க் கட்டக்கூடாது. அது தானாக அடங்கி உட்கார்ந்த பிறகுதான் தலையைத் தடவணும்.

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "சொல்லாம வாசப்படி தாண்டுறதா? எந்த ஊர் வழக்கம்டி இது?"

"நாய்க்குத்தான் ஆயா."

"நாயா இருந்தா இன்னா? வூட்ல இருக்கிற உசிருதானே?"

எனக்கு அது சும்மா வழக்கம் இல்லை. என் வீட்டுக்காரர் பல்லாவரம் கல்குவாரியில் லோடு ஏற்றினவர். ஒரு நாள் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று வார்த்தை வளர்ந்து, கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு சொல்லாமல் போனார். மத்தியானம் வண்டியில் கொண்டுவந்தார்கள். அன்றையிலிருந்து ஐம்பது வருஷமாக, என் வாசலைத் தாண்டுகிற ஒருத்தரையும் நான் சொல்லாமல் போக விட்டதில்லை. கேஸ் சிலிண்டர் போடுகிறவனையே கூப்பிட்டுச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவேன்.

எப்சிக்கு இது தெரியும். என் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "ஆயா, உங்களுக்கு அந்த வார்த்தை தைரியம். அதுக்கு அந்த வார்த்தை காதுல விழுந்தாலே கழுத்து வரைக்கும் தண்ணி ஏறுது."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் என் இஞ்சி இடிக்கிற கல்லுரலை எடுத்துக்கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். நாய் நக்கி நக்கித் தின்ன ஒரு கனமான பாத்திரம் கேட்டுக்கொண்டிருந்தாள். இருந்ததெல்லாம் கவிழ்ந்து உருண்டது. கல்லுரல் கவிழாது. தயிர் சாதத்தைக் குழைய மசித்து, வேகவைத்த காரட்டும் கோழி வேகவைத்த தண்ணீரும் சேர்த்து அதில் அடைத்து ஃப்ரீசரில் வைப்பாள். கல்லாக உறைந்துவிடும். வெளியே போகிறபோது அதைத் தரையில் வைத்துவிட்டுப் போனால், ரவா முக்கால் மணி நேரம் நக்கும். கல்லுரல் தரையில் நகர்கிற "கரக்… கரக்" சத்தம்தான் எனக்குத் தாலாட்டு. மிருதுளாவின் துவைக்காத குர்தா ஒன்றையும் அதன் பாயில் போட்டு வைப்பாள்.

அந்தக் கார்த்திகையிலிருந்து எத்தனை மத்தியானம்! கீரை முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். எப்சி கதவைத் திறந்து வெளியே வருவாள், ஒரு மூச்சு, உள்ளே போவாள். வெளியே வருவாள்; ரெண்டு மூச்சு; உள்ளே போவாள். மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பின விமானம் தலைக்கு மேல் தாழ்வாகப் போகும். அதன் நிழல் மதில்மேல் ஏறி இறங்கும். சதுப்பு நிலத்துப் பெரிய பறவைகள் ரெண்டு மூன்று, சிறகை அடிக்காமல், ஏரிப் பக்கம் மிதந்து போகும். கண்ணை மூடினால் கதவு திறக்கும். கண்ணைத் திறந்தால் கதவு மூடும். எது நான் பார்த்தது, எது கனவு என்று சொல்ல முடியாது. சில தடவை அந்தக் கதவிலிருந்து எப்சி வருவாள், சில தடவை அவள் அம்மா நன்றாக இருந்த காலத்து நடையோடு வருவாள், ஒரு தடவை தூக்குச்சட்டியோடு என் வீட்டுக்காரர் வந்தார். வந்து நின்றார். உப்பு பற்றி ஒன்றும் பேசவில்லை. கரக் என்று கல்லுரல் நகர, விழித்துக்கொண்டேன்.

ஒரு மூச்சு ஒரு ஜெபமானது. பத்து ஜெபம் அரை மணி ஆனது. அப்போது மழை வந்தது. தெருவில் கணுக்கால் தண்ணீர்தான். ஆனால் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் ரவா கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரைப் பிராண்டியது. எப்சி அறையை விட்டு எழுந்தாலே பழைய கத்தல். ஒரு மாசத்து வேலை ஒரு மழையில் போயிற்று. ஷ்யாம் தலையில் கை வைத்துக்கொண்டான். எப்சி முகம் வாடக்கூட இல்லை. "ஒரு அடியிலேருந்து பாப்போம்" என்றாள். மழை நின்ற மறுநாள் அறையைத் தாண்டி ஒரு அடி வைத்தாள், திரும்பி வந்தாள்.

இப்போது பெட்டி. அதுதானே உங்களுக்கெல்லாம் பெரிய விஷயம்!

பங்குனியில் ஏற்காட்டிலிருந்து போன் வந்தது. ஜூன் ரெண்டாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது, இந்தத் தடவையும் வரவில்லை என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று. அன்று சாயந்திரம் எப்சி தன் சிவப்புச் சக்கரப் பெட்டியை மாடியிலிருந்து இறக்கிக்கொண்டு வந்து மிருதுளா வீட்டுக் கூடத்தின் நடுவில் வைத்தாள். ரவா அதைப் பார்த்ததும் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. பெட்டி என்றால் என்ன என்று அதற்குத் தெரிந்திருந்தது. வெள்ளத்தில் அதை விட்டவர்கள் பெட்டியோடுதான் போயிருப்பார்கள்.

நாலு நாள் பெட்டி அங்கேயே கிடந்தது. ஐந்தாம் நாள் ரவா அதன்மேல் முகம் வைத்துத் தூங்கியது. அப்புறம் எப்சி உள்ளே ரெண்டு தலையணையை அடைத்து, வாசல் வரைக்கும் உருட்டி, திரும்ப உருட்டிக்கொண்டு வந்தாள். கேட் வரைக்கும். பால் பூத் வரைக்கும். ஒரு நாளைக்கு இருபது தடவை. அதைத்தான் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, அண்ணனோடு சண்டை என்றீர்கள், எவனோடோ ஏற்பாடு என்றீர்கள், மிருதுளா வீட்டுச் சாமானைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்துகிறாள் என்றீர்கள். கடத்தினது ரெண்டு தலையணை. அதையும் தினமும் திரும்பக் கொண்டுவந்தாள்.

சித்திரையில் ஒரு நாள் காலையில் பெட்டியோடு போனவள் வரவில்லை. ஒரு மணி நேரம். ரெண்டு மணி நேரம். நான் தெருவையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிருதுளா ஆபீஸிலிருந்து போன் பண்ணினாள். வீட்டில் மாட்டின கேமராவில் பார்த்தாளாம். "ஆயா, தூங்குது ஆயா! மல்லாக்கப் படுத்துத் தூங்குது!" மூன்றரை மணி நேரம் கழித்து எப்சி வந்தாள். முகமெல்லாம் வேர்வை, தூசி. கண் மட்டும் வேறு மாதிரி.

"எங்கடி போன?"

"கிளாம்பாக்கம் ஆயா. சேலம் பஸ் நிக்கிற இடத்துல உக்காந்துட்டு வந்தேன்."

"எதுக்கு?"

"ரவாவுக்குப் பழக்க."

நான் அவளையே பார்த்தேன். ரவாவுக்குக் கிளாம்பாக்கம் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? ஒரு சொம்பு மோர் கொடுத்தேன்.

வைகாசியில் வீட்டு ஓனர் சொல்லியனுப்பினார்: மே மாசக் கடைசி சனிக்கிழமை நேரில் வருகிறேன், என் காதால் கேட்டுவிட்டுத்தான் அக்ரிமென்ட் என்று. அதற்கு ரெண்டு நாள் முன்னால் எப்சி ரவாவின் பாயை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன், "எதுக்கு எப்பப் பார்த்தாலும் மிருதுளா துணி? உன் துப்பட்டாவைப் போடேன். உன்மேலதானே அதுக்கு இப்ப உசிரு?"

அவள் குர்தாவை நீவி விட்டாள். "எவ துணியோ அவ சாயந்திரம் வந்துடணும் ஆயா. வராதவ துணியை அதுக்குப் போடக்கூடாது."

என்னிடம் சொல்லிக்கொண்டது அவ்வளவுதான். எனக்குப் போதும்.

சனிக்கிழமை. ஷ்யாமும் மிருதுளாவும் வழக்கம்போல எட்டு மணிக்கு வாய் திறக்காமல் போனார்கள். அன்றைக்கு லீவு, வேண்டுமென்றே போய் எங்கேயோ உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குத்தான் எப்சி போகப்போகிறாள் என்று அவர்களுக்குத் தெரியும். முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டிலேயே எல்லா அழுகையையும் முடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள், ரவா பார்க்காத மாடி வீட்டில் வைத்து. பத்து மணிக்கு ஓனர் வந்தார். அவரும் தோத்தாத்ரி சாரும் மாடிப்படியில் கைக்குட்டை விரித்து உட்கார்ந்தார்கள்.

"நாய் உள்ளே இருக்கா பாட்டி?" என்றார் ஓனர்.

"இருக்கு சார்."

"அந்தப் பொண்ணு?"

"அதுவும் இருக்கு. இப்ப வெளிய வரும். நீங்க காதை மட்டும் வெச்சுக்குங்க."

உள்ளே கல்லுரலைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. எப்சி பெட்டியோடு வெளியே வந்தாள். தண்ணீர் குடிக்க எழுந்து போகிறவள் மாதிரியே வந்தாள். கதவைச் சாத்தினாள். பூட்டினாள். பெட்டி என்னைத் தாண்டும்போது சக்கரம் வேறு மாதிரி சத்தம் போட்டது. தலையணைக்கு அந்தச் சத்தம் வராது. புடவை, செருப்பு, அம்மா படம், பன்னிரண்டு வருஷம் எல்லாம் இருந்தால்தான் அந்தச் சத்தம் வரும். நிற்காமல், என்னைப் பார்க்காமல், போகிற போக்கில் கையை நீட்டி என் முறத்தில் எதையோ போட்டாள். கீரைக்கு நடுவில் சாவி.

என் வாய் திறந்துவிட்டது. ஐம்பது வருஷத்து வாய். சொல்லிட்டுப் போடி, ஒரே ஒரு தடவை சொல்லிட்டுப் போ என்று தொண்டை வரைக்கும் வந்தது. ஜன்னல் திறந்திருக்கிறது. உள்ளே அது கேட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு முருங்கைக் காம்பை எடுத்துப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டேன். கசந்தது.

கேட்டைச் சத்தம் வராமல் சாத்தினாள். தெருவில் வெயில் பால் மாதிரி கொட்டிக்கிடந்தது. அதற்குள் சிவப்புப் பெட்டி சின்னதாகிக்கொண்டே போனது. பூத்தைத் தாண்டித் திருப்பத்தில் சௌகத் அலி ஆட்டோவோடு நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். ஹாரன் அடிக்காதே, கேட்டுக்குக் கொண்டுவராதே என்று முந்தின நாளே அவனுக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

"எவ்வளவு நேரத்துல திரும்பி வருவா?" என்று ஓனர் வாட்சைப் பார்த்தார்.

"நீங்க நாயைக் கேளுங்க சார்," என்றேன்.

பால் பூத் வந்ததும் எப்சி நின்றாள். அங்கேதான் நிற்பாள் என்று எனக்குத் தெரியும். முதுகுதான் தெரிந்தது. தலையைச் சாய்த்தாள். காது கொடுத்தாள். நானும் கொடுத்தேன். படியில் இருந்த ரெண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் ஒரு விமானம் போய், அதன் சத்தம் தேய்ந்து, தெரு மறுபடி தெருவாயிற்று.

கரக்… கரக்.

யாரும் கூப்பிடவில்லை.

அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு திருப்பத்தில் திரும்பினாள். நான் முறத்திலிருந்து சாவியை எடுக்கவில்லை. அதைச் சுற்றியே கீரையை உருவிப் போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கல்லுரல் சத்தமும் நின்றது. ஓனர் எட்டி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, தோத்தாத்ரி சாரிடம் வாயில் விரலை வைத்துக் காட்டினார்.